அண்ணாச்சி ஏன் எக்ஸ்பியை விடவில்லை

அண்ணாச்சி கடைக் கீபோர்டில் ஒரு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியாது. 2003-ல் மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, நானும் அவரும் வாங்கி வந்தது. வயர் நுனியில் ஊதா நிற வட்டப் பின் இருக்குமே, அந்தக் காலத்துக் கீபோர்டு. இந்த இருபத்திரண்டு வருடத்தில் கம்ப்யூட்டர் மாறியது, மானிட்டர் மாறியது, கீபோர்டு மாறவில்லை. விசைகளின் மேல் இருந்த வெள்ளை எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், எஃப், ஜே இரண்டிலும் விரலுக்குத் தட்டுப்படும் சின்னக் கோடுகூட மழுங்கிவிட்டது. அவருக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. கண் பக்கத்தில் வைத்த கையெழுத்துத் தாளில் இருக்கும். விரல் தன் பாட்டுக்கு 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்று ஓடும்.

அந்தக் கீபோர்டு சொருகியிருக்கும் மெஷினை ஓட்டுவது விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய சிஸ்டம். 2001 அக்டோபரில் வெளிவந்தது. மைக்ரோசாப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தாராவியில் கல்யாணப் பத்திரிகையும் கொடை நோட்டீஸும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் இன்றைக்கும் அதில்தான் தயாராகின்றன.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்து வளர்ந்தது தாராவியில். 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு மாடியறையில் நடந்த கம்ப்யூட்டர் கிளாஸில் பத்து வருடம் டி.டி.பி.யும் (அச்சுக்குப் பக்கம் அமைப்பது) டேலியும் (கணக்கு எழுதும் மென்பொருள்) சொல்லிக்கொடுத்தேன். கிளாஸ் மூடிய பிறகு கடை கடையாகப் போய் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். தாராவி, சயன் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர், இவ்வளவுதான் என் எல்லை. எல்லோருக்கும் இன்னும் 'டீச்சர்'தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் அப்டேட் நின்றது. அதற்கு முன்னும் பின்னுமாக என் போன் ஓயவில்லை. "டீச்சர், கம்ப்யூட்டர் நின்னுபோயிருமா?" "புதுசு வாங்கியே ஆகணுமா?" "ஏதோ எழுத்து வந்து நிக்குது, எதை அமுக்க?" ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். "இவங்க யாரும் புதுசா எதையும் கத்துக்க மாட்டாங்க சித்தி. சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. காரணம், 2014 வரைக்கும் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவனுக்கு அன்றைக்கு முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2014 ஏப்ரல். எக்ஸ்பி முடியப் போகிறது என்று எனக்கு மாதக்கணக்காகவே தெரியும். வாடிக்கையாளர் எல்லோரையும் அந்தத் தேதிக்குள் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் பெயர் எழுதி, முடிந்தவற்றுக்கு டிக் போட்டுக்கொண்டு வந்தேன். கடைசிவரை நின்றவர்களில் ஒருவர் அண்ணாச்சி.

"நீங்க சொல்லுதது சரிதான் டீச்சர். ஆனா கொடை முடியட்டும்."

திருநெல்வேலிப் பக்கம் தெரியாதவர்களுக்காக: கொடை என்றால் ஊர்க்கோயில் திருவிழா. முத்தாரம்மன், சுடலை மாடன், இசக்கியம்மன் என்று ஊருக்கு ஒரு சாமி. சித்திரை, வைகாசியில் நிறைய ஊர்களில் கொடை வரும், ஆடியில் சில ஊர்களில். தாராவியில் இருக்கும் ஊர்க்காரர்கள் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி கொடுத்து, குடும்பத்தோடு ரயிலேறிப் போவார்கள். அதற்கு இங்கே நோட்டீஸ் அடிப்பார்கள். எந்த நாள் கால்நாட்டு, எந்த இரவு வில்லிசை, யார் செலவில் அன்னதானம், முளைப்பாரி எத்தனை மணிக்கு, கீழே வரி கொடுத்த அத்தனை பேரின் பட்டியல். ஒரு பெயர் விட்டுப்போனால் ஊரில் சண்டை. அண்ணாச்சியிடம் பதினேழு ஊர்களின் நோட்டீஸ் வருடா வருடம் வரும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் போன வருடத்து ஃபைலைத் திறப்பார், தேதி மாற்றுவார், புதிதாகக் கல்யாணமாகித் தலைக்கட்டு ஆனவர்களைச் சேர்ப்பார், இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் 'திரு' எடுத்து 'அமரர்' போடுவார்.

சீசன் முடியும்வரை பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. "தேதி முடிஞ்சிருச்சு அண்ணாச்சி, வைரஸ் வந்தா எல்லாம் போயிரும்" என்று பயம் காட்டினேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை. ஏப்ரல் கடைசி வாரத்தில் புது மெஷின் வாங்கி விண்டோஸ் 7 போட்டேன். பழைய மெஷினில் இருந்த ஃபைல் எல்லாவற்றையும் காப்பி செய்து சரிபார்த்தேன். பிறகு பழையதை ஃபார்மேட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பழைய மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26-ல் மும்பையில் பெய்த மழை யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு பொங்கி, தாராவிச் சந்துகளில் இடுப்பளவு தண்ணீர். அண்ணாச்சி கடையில் கார்டு ஸ்டாக் முழுக்க ஊறிக் கூழானது. அவர் அன்று தலையில் தூக்கிக்கொண்டு மாலாவில் (கடைக்குள் இருக்கும் மேல்தட்டு) ஏற்றியது அந்த சி.பி.யு.வை மட்டும். அதைத்தான் நான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன்.

புது மெஷினில் அவர் முதல் நோட்டீஸைத் திறந்தார். தமிழ் இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இது புரியாவிட்டால் அண்ணாச்சியைப் புரியாது. எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் டி.டி.பி. செய்தவர்கள் எல்லோரும் எழுத்துருவை வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றித்தான் வேலை செய்தார்கள். ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிடுவது. நான் கிளாஸில் பாமினி எழுத்துருவை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக அடித்தால் திரையில் 'அம்மா' வரும். ஆனால் கம்ப்யூட்டர் தனக்குள் சேமித்து வைப்பது அந்த ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு இருக்கிறவரை அம்மா. எழுத்துரு இல்லாத மெஷினுக்குப் போனால் வெறும் கிறுக்கல்.

அண்ணாச்சியிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள். கல்யாணப் பத்திரிகைக்கென்றே வளைவும் சுழியுமாக நாற்பது, ஐம்பது எழுத்துருக்கள் அதில் உண்டு. திருட்டுக் காப்பியைத் தடுக்க 'லாக்' ஒன்று கொடுத்திருந்தார்கள். பிரின்டர் வயர் சொருகும் அகலமான 25 பின் போர்ட்டில் அதைச் சொருகியிருந்தால்தான் தமிழ் வரும். புது மெஷினில் அந்தப் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி.யில் மாற்றும் கேபிள் வாங்கிப் பார்த்தேன். அது பிரின்டருக்கு உதவும், லாக்கைக் கண்டுகொள்ளாது. நான் போட்டது 64 பிட் விண்டோஸ் வேறு. லாக்கை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளை அது உள்ளேயே விடாது. மென்பொருள் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. சி.டி.யை எடுத்துப் பார்த்தால் கீறல். பேஜ்மேக்கர் 7 வந்ததும் 2001-ல்தான், அதற்குப் பிறகு அடுத்த பதிப்பே வரவில்லை. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆக, மேலே அடுக்கியிருந்த ஒவ்வொன்றும் கீழே இருந்ததை நம்பி நின்றது. அடிக்கல்லை நான் உருவிவிட்டேன்.

மூன்று நாள் கடையில் தமிழ் இல்லை. ஐந்நூறு நோட்டீஸ் ஆர்டர் ஒன்று கைமாறிப் போனது. இன்னொரு ஊருக்கு அண்ணாச்சி பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி, அதை அப்படியே ஸ்கேன் செய்து அடித்துக் கொடுத்தார். இருநூற்றுப் பத்துப் பெயர்கள். நான் எதிரில் நின்றேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "விடுங்க டீச்சர், வேணும்னா செஞ்சிய?" என்றார்.

நாலாம் நாள் லேமிங்டன் ரோட்டில் ஒரு பழைய பென்டியம் 4 போர்டு கிடைத்தது, அகலப் போர்ட்டோடு. என்னிடம் படித்த பையன் ஒருவன் கோவண்டியில் டி.டி.பி. செய்துகொண்டிருந்தான். அதே மென்பொருளின் நல்ல சி.டி. அவனிடம் இருந்தது. எக்ஸ்பி போட்டு, லாக்கைச் சொருகி, முதல் எழுத்து திரையில் வந்தபோது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மெஷின்தான் இன்றுவரை ஓடுகிறது.

'பழக்கதோஷம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கையில் என்ன இருக்கிறது என்பதை நான் கிளாஸில் பார்த்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டர் வரிசையில் இடது கை நான்கு விரலும் ய, ள, ன, க மேல் உட்காரும். அதைப் பழக ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும். வேகம் வர ஒரு வருடம். அந்த முறையில் 'கொடை' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால், பிறகு ஐகாரச் சுழி, அப்புறம் ட. கண்ணில் இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படி. 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 முறையில் க அடித்து ஒ அடித்தால் கொ வந்துவிடும். அதுதான் அறிவுப்பூர்வமானது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இருபது வருடம் கொம்பை முதலில் போட்ட விரல், க-வை முதலில் போடச் சொன்னால் தடுமாறும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகிற இடத்தில் ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதருக்கு அந்த ஐம்பது நிமிடத்தை யார் கொடுப்பது?

இதை என் அக்கா மகனிடம் கேட்டேன். அவன் கம்பெனியில் புது மென்பொருள் வந்தால் இரண்டு வாரம் பயிற்சி, சம்பளத்தோடு. அண்ணாச்சிக்குப் பயிற்சிக் காலம் என்றால் அது அவர் சொந்தச் சோறு.

பெரிய இடங்களும் அவ்வளவு வேகமாக மாறிவிடவில்லை. 2014-ல் பிரிட்டன் அரசு, எக்ஸ்பிக்கு இன்னும் ஒரே ஒரு வருடம் அப்டேட் தரச் சொல்லி மைக்ரோசாப்டுக்கு 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. நம் நாட்டு ஏ.டி.எம்.களின் பெட்டிக்குள்ளும் எக்ஸ்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட் நின்று நாலு வருடம் கழிந்த பிறகு, 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டது: கைவிடப்பட்ட சிஸ்டத்தில் ஓடும் ஏ.டி.எம்.களைக் கட்டம் கட்டமாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று. வங்கிக்கே ஐந்து வருடம். அங்கே ஒரு பெட்டியை மாற்றுவதென்றால் கார்டு ரீடர், பணம் எண்ணும் கருவி, அதன் மென்பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்தாக வேண்டும். அண்ணாச்சிக்கு லாக் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

அதற்காகப் பழையதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சனிக்கிழமை காலை டிவியில் பார்த்ததும் நான் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். போனதும் முதல் வேலையாக நெட் வயரைப் பிடுங்கினேன். கைவிட்ட எக்ஸ்பிக்கும் அன்று மைக்ரோசாப்ட் ஒரு அப்டேட் கொடுத்தது. பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். ஆனால் வயரைத் திரும்பச் சொருகவில்லை. அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு நெட் கிடையாது.

பிற்பாடு வந்த கணக்கு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. அந்த வைரஸில் மாட்டிய மெஷின்களில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடவில்லை, அவ்வளவுதான். என் வாடிக்கையாளர்களிடம் போய்ப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. ஒருவருக்கு அப்டேட் ஆன மறுநாள் பிரின்டர் வேலை செய்யவில்லை. ஒருவருக்கு வருமான வரி கடைசி நாளில் திரை நீலமாகி, 'அணைக்காதீர்கள்' என்று ஒன்றரை மணி நேரம் நின்றது. ஒருமுறை கை சுட்டவர்கள் அடுத்த முறை அடுப்புப் பக்கம் வரத் தயங்கினார்கள். பாதுகாப்புக்கான திருத்தமும் தோற்ற மாற்றமும் ஒரே மூட்டையில் கட்டி வந்தால், சாமானியர் மூட்டையையே வாசலில் நிறுத்திவிடுவார். விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்தார்களே, 2012-ல், அதைப் பார்த்த பிறகு 'அடுத்தது வந்திருக்கு' என்று நான் சொன்னாலே முகம் சுருங்கியது. அடுத்த வருடமே 8.1-ல் பட்டனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முகம் சுருங்கியது அப்படியே நின்றுவிட்டது.

மாட்டுங்காவில் கணக்கு எழுதும் மாமா ஒருவர். அவரும் எக்ஸ்பிதான். ஐந்து வருடமாக நான் எவ்வளவோ சொல்லியும் "ஓடிண்டிருக்கே, அதை ஏன் தொடணும்?" என்பார். 2016-ல் குரோம் பிரவுசர் எக்ஸ்பியைக் கைவிட்டது. ஒவ்வொரு அரசுத் தளமாகத் திறக்க மறுத்தது. அப்போதும் அசையவில்லை, பையனின் லேப்டாப்பை வாங்கி வேலை பார்த்துக்கொண்டார். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஜூன் மாதமே போன் செய்துவிட்டார். "நாளைக்கே வந்து மாத்திக் குடுத்துடு. வாடிக்கை போயிடும்." நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. புது டேலியை அறுபத்து மூன்று வயதில் பதினைந்தே நாளில் பழகினார். சந்தேகம் வந்தால் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவானது. மைக்ரோசாப்ட் குறிக்கும் தேதிக்கு யாரும் மாறுவதில்லை, தன் வேலை கூப்பிடும்போது மாறுகிறார்கள். அந்த மாமா மூளை மழுங்கி உட்கார்ந்திருக்கவில்லை. மாறினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவருக்கு அவரே போட்ட கணக்கு அது. ஜூன் வரை போவது அதிகமாக இருந்தது. ஜூனில் தராசு சாய்ந்தது.

சயன் கோலிவாடாவில் சீட்டு நடத்தும் அக்கா கதையும் கிட்டத்தட்ட இதேதான். அவர் தம்பி 1996-ல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் சிஸ்டத்துப் புரோகிராம். யார் எந்தச் சீட்டு எடுத்தார், யார் எத்தனை தவணை பாக்கி, எல்லாம் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும். 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. புது மெஷினுக்குள்ளேயே பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் ஓட வைத்தேன். பழைய கருப்புத் திரை அப்படியே வந்ததும், புது மெஷினைப் பற்றி அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை.

இப்போது விண்டோஸ் 10 விஷயம் வேறு மாதிரி சிக்கல். இதுவரை நடந்தவற்றில் மெஷின் தேய்ந்தது, நாமும் மாற்றினோம். இந்த முறை நல்ல மெஷினையே தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அது சந்தைக்கு வந்ததே 2017 கடைசியில். பாதுகாப்புக்காகத்தான் என்பது எனக்குப் புரிகிறது, அந்தச் சில்லின் பயன் உண்மையானதுதான். ஆனால் செம்பூர் மாமியிடம் இதை எப்படிச் சொல்வது? 2016-ல் மாமியின் கணவர் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், நான் எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் இருபது நொடியில் எழுந்து நிற்கிறது. 'உங்கள் கணினி தகுதி பெறவில்லை' என்ற அர்த்தத்தில் திரையில் வந்ததைப் பார்த்து மாமி என்னிடம் கேட்டது: "நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனோடி?"

அவர் கணவர் மூன்று வருடம் முன்பு போய்விட்டார். லேப்டாப்பில் ஃபோல்டருக்குப் பெயர் வைத்ததெல்லாம் அவர். 'கரன்ட் பில்', 'பென்ஷன்', 'பொண்ணு அனுப்பினது', 'தொடாதே'. மாமிக்கு எது எங்கே என்று அந்த வரிசையில்தான் தெரியும். அவருக்கு ஒரு வருட நீட்டிப்பில் பதிந்து கொடுத்தேன். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நம்மூரில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதனுடன் இணைத்தால் காசில்லாமலே பதியலாம், இல்லையென்றால் 30 டாலர். இது தெரியாமல் பயந்துபோய்ப் புது லேப்டாப் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த ஒரு வருடத்துக்குள் மாமிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் பழக்க நினைத்திருக்கிறேன். பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பில் எதையும் தொடாமல், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுகிறேன். வீடியோ கால், பேங்க், யூடியூப், தமிழ்ப் பத்திரிகை, அவ்வளவுதான் மாமிக்குத் தேவை. எல்லாமே அதில் நடக்கிறது. ஃபோல்டர்களும் அதே பெயரில், அதே வரிசையில் வரும் என்று காட்டினேன். 'தொடாதே' இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தது.

மாட்டுங்கா மாமாவுக்கு இதே லினக்ஸைச் சொல்ல மாட்டேன். டேலி அதில் நேராக ஓடாது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தகராறு செய்யும். ஆளைப் பார்க்காமல் சிஸ்டத்தை மட்டும் பார்த்து யோசனை சொல்லும் பழக்கத்தை 2014-லேயே விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் போனவுடன் மெஷினைத் தொடுவதில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதை ஒரு மணி நேரம் பார்க்கிறேன். எந்த ஐகானைத் தொடுகிறார், பிரின்டர் எது, பின்னால் என்ன சொருகியிருக்கிறது, சி.டி. இருக்கிறதா, சீசன் எந்த மாதம். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பேச்சு. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதம் என் பீரோவில் வைத்திருக்காமல் அழிப்பதில்லை.

கண்டிப்பாக இருக்கும் இடமும் உண்டு. அப்டேட் இல்லாத மெஷினில் பேங்க் வேலை பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் விட மாட்டேன். அதில் தாட்சண்யம் கிடையாது. சீட்டுப் பணமும் பென்ஷனும் போனால் திரும்பாது.

அண்ணாச்சி கடையில் இப்போது இரண்டு மெஷின். எக்ஸ்பி, நெட் இல்லாமல், லாக்கோடு, சுவர் ஓரமாக. பக்கத்தில் ஒரு விண்டோஸ் 11 லேப்டாப், வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவுக்கும் பி.டி.எஃப். அனுப்பவும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் பேத்தி, காலேஜ் இரண்டாம் வருடம். எக்ஸ்பி டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அதே மாதிரி போர்டு இன்னொன்றும் வாங்கித் துணியில் சுற்றி மாலாவில் இருக்கிறது. ஆனால் லாக் ஒன்றுதான். அது செத்துப்போனால் மாற்று இல்லை. அண்ணாச்சிக்கும் எழுபது நெருங்குகிறது. தாராவி மறுசீரமைப்புக்கான சர்வே 2024-ல் தொடங்கியது, கடை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

போன வருடம் கொடை சீசன் முடிந்ததும் அவரே ஆரம்பித்தார். "டீச்சர், பழைய ஃபைலை எல்லாம் புது எழுத்துல மாத்தி வைக்க முடியுமா? எனக்கு வேண்டாம், நான் இதுலேயே அடிச்சிக்கிடுவேன். பிள்ளைக்கு வேணும்லா."

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் உட்காருகிறோம். எக்ஸ்பியில் ஒவ்வொரு நோட்டீஸாகத் திறந்து எழுத்தை வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, பேத்தி லேப்டாப்பில் ஒழுங்குபடுத்துகிறாள். மாற்றும் மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் செய்யும். கொம்பு முன்னால் வரும் இடங்களில் சில நேரம் சொதப்பும், ஸ்ரீயை விழுங்கிவிடும், துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும். முத்தாரம்மன் ஒரு நோட்டீஸில் 'முத்தரரம்மன்' ஆனது. அதனால் பெயர்ப் பட்டியலை வரி வரியாக அண்ணாச்சி எக்ஸ்பி திரையைப் பார்த்து வாசிக்க, பேத்தி அங்கே சரிபார்க்கிறாள்.

வேகமாகப் போகும் வேலை இல்லை. ஒரு பெயர் வந்தால் நிறுத்திவிடுவார். "இவன் என்கூட டேனரியில வேலை பாத்தவன்" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம். 2009 நோட்டீஸில் 'திரு' என்று இருந்தவர் 2010-ல் 'அமரர்' ஆகியிருப்பார். எப்படிப் போனார், யார் பிணத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள், எந்த ரயில், எல்லாம் வரும். பேத்தி டைப் செய்வதை விட்டுவிட்டுக் கேட்பாள். நானும் அவசரப்படுத்துவதில்லை.

2011 வரை முடித்திருக்கிறோம். போன ஞாயிறு பேத்தி க அடித்து ஒ அடித்துக் 'கொடை' என்று வேகமாகப் போட்டதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "கொம்பு போடாம எப்படிட்டி கொ வருது?" என்று கேட்டார். அவள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். அவர் ஒரு விரலால் க-வைத் தேடினார்.